திருப்பாதிரிப்புலியூரைப் போட்டுப் பாத்தீங்களா?

போன வாரம் சிதம்பரத்துல படிக்கிற தம்பி ஒருத்தன் வாட்ஸப்ல ஒரு லிங்க் அனுப்பினான். வெப் டெவலப்பர் ஆகணும்னா இதெல்லாம் கட்டாயம் வேணும்னு சொல்லி, நூத்துக்கணக்குல டூல்ஸ் அடுக்கி வச்ச ஒரு பட்டியல். கூடவே ஒரு கேள்வி.

"அண்ணா, இதுல எதெல்லாம் இன்ஸ்டால் பண்ணணும்? என் லேப்டாப் தாங்குமா?"

தம்பி மேல எனக்குக் கோவமே இல்ல. அந்தப் பட்டியலைப் போட்டவங்க மேலதான். அவன்கிட்ட இருக்கிறது அவங்க அக்காவுக்குப் படிக்கும்போது கிடைச்ச அரசாங்க லேப்டாப். (2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டம். எங்க பக்கத்துல எத்தனையோ வீட்டுல முதல் கம்ப்யூட்டரே அதுதான்.) குரோமைத் திறந்தாலே ஃபேன் கத்த ஆரம்பிச்சிடும். அதுல போய் வண்டி வண்டியா எக்ஸ்டென்ஷன் ஏத்தினா அது எங்க எழுந்திருக்கப் போகுது?

"ஒண்ணும் இன்ஸ்டால் பண்ணாத. எஃப்12 அமுக்கு"ன்னேன்.

"அமுக்கினேண்ணா. சவுண்டுதான் கூடுது."

(சில லேப்டாப்ல எஃப்என் பட்டனையும் சேத்து அமுக்கணும். வரலைன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூணையும் ஒண்ணா அமுக்குங்க. அதுவும் வரலைன்னா பக்கத்துல எங்கயாவது ரைட் கிளிக் பண்ணி 'இன்ஸ்பெக்ட்'.)

திறந்துருச்சா? அவ்வளவுதான். வேலைக்கு வேண்டியதுல முக்கால்வாசி அதுக்குள்ளயே இருக்கு. காசு கிடையாது, லாகின் கிடையாது, பதினாலு நாள் ட்ரையல் கிடையாது.

இப்படி ஒரு காலம் வரும்னு ஒரு தலைமுறைக்கு முன்னாடி யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க. அப்பல்லாம் 'வியூ சோர்ஸ்' மட்டும்தான். பக்கம் ஏன் உடைஞ்சிருக்குன்னு தெரியணும்னா ஒவ்வொரு பொட்டிக்கும் செவப்பு பார்டர் போட்டுப் போட்டு பாக்கணும். 2006-ல ஜோ ஹெவிட் ஃபயர்பக்னு ஒரு ஆட்-ஆன் கொண்டாந்தார். ஃபயர்ஃபாக்ஸை ஆரம்பிச்ச சில பேர்ல அவரும் ஒருத்தர். பக்கத்துல ஒரு இடத்தைத் தொட்டா அதோட கோடும் ஸ்டைலும் கீழ வந்து நிக்கும், அங்கயே மாத்தலாம். இன்னைக்கு நாம பாக்கிற எல்லா டெவ்டூல்ஸுக்கும் அதுதான் பாட்டன். 2017-ல ஃபயர்பக்கை நிறுத்திட்டாங்க. அது செஞ்ச வேலையெல்லாம் பிரவுசருக்குள்ளயே வந்துட்டதால இனிமே தனியா வேண்டியதில்லைன்னு ஆயிடுச்சு.

சரி, தம்பி கேட்டதுக்கு வாட்ஸப்ல பதில் அடிச்சு மாளாது. அதனாலதான் இந்தப் பதிவு. ஆனா இது இன்னொரு பட்டியலா இருக்காது. நான் கடலூர்ல உக்காந்து என்ன பண்றேனோ அதை அப்படியே சொல்றேன்.

நமக்கு வர்ற வேலை என்ன மாதிரின்னா, மஞ்சக்குப்பத்துல ஜவுளிக்கடை, புவனகிரியில கல்யாண மண்டபம், பண்ருட்டியில முந்திரி ஏற்றுமதி பண்றவங்க. எல்லாருக்கும் தமிழ்ல சைட் வேணும். ஆனா டெம்ப்ளேட் எல்லாம் இங்கிலீஷுக்குன்னு அளவெடுத்துத் தச்சது. 'ஹோம்', 'அபௌட்', 'கான்டாக்ட்'னு சின்னச் சின்ன வார்த்தைக்கு அழகா உக்காரும். மாதிரி உரைக்கு லோரம் இப்சம்னு லத்தீன்ல எதையோ போட்டு வச்சிருப்பாங்க. அதை வச்சுப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

நான் லோரம் இப்சம் போடுறதே இல்ல.

நான் போடுறது திருப்பாதிரிப்புலியூர்.

(வெளியூர்க்காரங்களுக்கு: அது கடலூர் டவுனுக்குள்ளயே இருக்கிற இடம். பாடலீஸ்வரர் கோயில் இருக்கு, ரயில்வே ஸ்டேஷனும் அதே பேர்ல இருக்கு. பேச்சுல நாங்க திருப்பாப்புலியூர்னு சுருக்கிடுவோம். ஆனா அட்ரஸ்ல முழுசாத்தான் எழுதணும்.)

நடுவுல ஒரு இடைவெளி கூட இல்லாம பதினோரு எழுத்து. மேல்விலங்கு, கீழ சுழி, புள்ளி எல்லாம் இருக்கு. ஒரு வெப் பக்கத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கல.

பண்ற விதம் இதுதான். எஃப்12 திறந்துட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் அமுக்குங்க. பக்கம் போன் அளவுக்குச் சுருங்கும். அகலத்தை 360-னு வைங்க. (நம்ம ஆளுங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன் நிறைய அந்த அகலத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும்.) அப்புறம் எலமென்ட்ஸ்ல ஒரு பட்டனைப் பிடிச்சு, உள்ள இருக்கிற எழுத்தை டபுள் கிளிக் பண்ணி, திருப்பாதிரிப்புலியூர்னு அடிங்க.

பட்டன் உடையுதா? பக்கம் இடது வலதா ஆடுதா? சுழி கீழ வெட்டுப்படுதா?

மூணுல ஒண்ணு நடக்காத டெம்ப்ளேட்டை நான் இன்னும் பாக்கல.

ஒவ்வொரு எலமென்ட்டா பிடிக்கப் பொறுமை இல்லைன்னா இன்னொரு வழி. கன்சோலுக்குப் போய் டாகுமென்ட்டோட 'டிசைன்மோட்'ங்கிறதை 'ஆன்' பண்ணிடுங்க. மொத்தப் பக்கமும் வேர்ட் ஃபைல் மாதிரி ஆயிடும், எங்க வேணும்னாலும் கர்சரை வச்சு அடிக்கலாம். ரீஃப்ரெஷ் பண்ணா பழையபடி ஆயிடும். கடைக்காரர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது இது ரொம்ப உதவும். "தம்பி, இங்க 'ஆடித் தள்ளுபடி'ன்னு பெருசா வந்தா எப்படி இருக்கும்?"னு கேப்பாங்க. அங்கயே அடிச்சுக் காட்டிடலாம்.

உடையுறதுக்கு மருந்தும் சொல்லிடறேன். பட்டனுக்கும் கார்டுக்கும் அகலத்தை பிக்சல்ல கட்டிப் போடாதீங்க. நீளமான வார்த்தைக்கு ஓவர்ஃப்ளோ-ராப்ல 'எனிவேர்' குடுங்க. ஃப்ளெக்ஸுக்குள்ள இருக்கிற பொட்டி சுருங்க மாட்டேங்குதுன்னா மின்-விட்த் சைபர் வைங்க. லைன்-ஹைட்டை 1-னு வச்சு ஓவர்ஃப்ளோ ஹிடனும் போட்டா 'லி'யோட தலையும் 'பு'வோட காலும் போயிடும். தமிழுக்கு நான் 1.6-க்குக் கீழ இறங்கறதே இல்ல. இதெல்லாம் எங்கயும் படிச்சு வந்ததில்ல. ஸ்டைல்ஸ் பேனல்ல நம்பரைக் கிளிக் பண்ணி, மேல் அம்புக்குறி கீழ் அம்புக்குறி அமுக்கி அமுக்கிக் கண்ணால பாத்துப் பிடிச்சது.

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஒரு தடவை திருப்பாப்புலியூர்ல இருக்கிற ஒரு பெரியவர் கடைக்குப் பார்சல் வந்தது. அட்ரஸ் லேபிள்ல 'திருப்பாதிரிப்புலியூ'ன்னு இருக்கு. 'ர்' இல்ல. பார்சல் வந்து சேந்துருச்சு, அதனால அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா அவர் கேட்டார்: "தம்பி, காசு குடுத்து வாங்குறோம். ஊர் பேரை முழுசா எழுத மாட்டாங்களா?"

ஏன் அப்படி ஆச்சுன்னு உங்க கன்சோல்லயே பாக்கலாம். மேற்கோள் குறிக்குள்ள திருப்பாதிரிப்புலியூர்னு அடிச்சு, பக்கத்துல ஒரு புள்ளி வச்சு, 'லெங்த்' கேளுங்க.

22-னு வரும்.

நமக்கு 11 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு 22. ஏன்னா யூனிகோட்ல 'தி'ங்கிறது ஒரு எழுத்து கிடையாது. 'த' தனி, மேல்விலங்கு தனி. 'ர்'ல 'ர' தனி, புள்ளி தனி. நாம ஒண்ணா பாக்கிறதை மெஷின் ரெண்டா வச்சிருக்கு. ஃபார்ம்ல 'மேக்ஸ்லெங்த்' 20-னு யாரோ வச்சிருக்காங்க. 'யூ' வரைக்கும் சரியா 20 ஆயிடுச்சு. 'ர்'க்கு இடமில்ல.

கடலூர் 4 எழுத்து, மெஷினுக்கு 6. சிதம்பரம் 6, மெஷினுக்கு 9. விருத்தாசலம் 7, மெஷினுக்கு 12. பரங்கிப்பேட்டை 8, மெஷினுக்கு 14. நீங்களே போட்டுப் பாருங்க, ரொம்ப சுவாரசியமா இருக்கும்.

இன்னொண்ணு. செய்தித் தலைப்பு நீளமா இருந்தா இத்தனை எழுத்தோட வெட்டிட்டு மூணு புள்ளி வைக்கிற பழக்கம் இருக்குல்ல? 'கடலூர்'ங்கிறதை 5-ல வெட்டினா 'கடலூர'ன்னு நிக்கும். 3-ல வெட்டினா 'கடல'. தலைகீழா திருப்பினா இன்னும் மோசம், புள்ளி மட்டும் தனியா ஒரு புள்ளிவட்டத்து மேல உக்காந்துக்கும். தமிழ் ஆப்கள்ல, தமிழ்ச் செய்தி நோட்டிஃபிகேஷன்ல அந்தப் புள்ளிவட்டத்தை நீங்க பாத்திருப்பீங்க. அது வேற ஒண்ணுமில்ல, யாரோ எழுத்தை நடுவுல வெட்டிட்டாங்க.

இதுக்கு வைத்தியமும் பிரவுசருக்குள்ளயே இருக்கு. இன்டல் செக்மென்ட்டர். அது கண்ணுக்குத் தெரியிற எழுத்தை எண்ணும். திருப்பாதிரிப்புலியூரைக் குடுத்தா சரியா 11 சொல்லும். குரோம்ல 2020-லயே வந்துருச்சு, சஃபாரியிலயும் வந்துருச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் 2024 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. இப்ப எல்லாத்துலயும் இருக்கு. இனிமே வெட்டுறதா இருந்தாலும் எண்ணுறதா இருந்தாலும் அதை வச்சே பண்ணுங்க. (ஒரு சின்ன விஷயம்: 'ஸ்ரீ'யை அது ரெண்டா எண்ணும். 'க்ஷ'வையும் அப்படித்தான். அதுக்கு மட்டும் நாம தனியா பாத்துக்கணும்.)

'ஸ்ரீ'ன்னதும் ஞாபகம் வருது. லிங்க் அனுப்பின அதே தம்பியோட காலேஜ் ப்ராஜெக்ட்.

நம்ம மாவட்டத்துல இருக்கிற கோயில்களைத் தேடுற மாதிரி ஒரு பக்கம் பண்ணியிருந்தான். அழகான வேலை. ஆனா தேடுற பொட்டியில ஸ்ரீமுஷ்ணம்னு அடிச்சா ஒண்ணுமே வரல. கீழ பட்டியல்ல பூவராக சுவாமி கோயில், ஸ்ரீமுஷ்ணம்னு கண்ணு முன்னாடியே இருக்கு! டேட்டாபேஸ் சரியில்லைன்னு நெனச்சு மொத்தத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப ஏத்திப் பாத்திருக்கான். அப்பவும் வரல.

நான் கன்சோலைத் திறக்கச் சொன்னேன். பட்டியல்ல இருக்கிற பேரைக் காப்பி பண்ணி, சதுர அடைப்புக்குள்ள மூணு புள்ளி வச்சு அந்தப் பேரை மேற்கோள் குறிக்குள்ள போடு. அவன் அடிச்ச பேரையும் அதே மாதிரி போடு. ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பேரைத் துண்டு துண்டா பிரிச்சுக் காட்டும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா முதல் துண்டே வேற வேற. ஒண்ணுல 'ஸ'. இன்னொண்ணுல 'ஶ'.

விஷயம் என்னன்னா, 'ஸ்ரீ'யை ரெண்டு விதமா எழுதலாம். 'ஸ'வுல ஆரம்பிக்கிறது ஒண்ணு, 'ஶ'வுல ஆரம்பிக்கிறது ஒண்ணு. 'ஶ' யூனிகோடுக்குள்ள வந்ததே 2005-ல, 4.1 பதிப்புலதான். பெரும்பாலான எழுத்துருவுல ரெண்டுமே ஒரே வடிவமாத்தான் தெரியும். கண்ணாடி போட்டுப் பாத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனா மெஷினுக்கு ரெண்டும் ரெண்டு ஊர்.

கொள்ளிடத்துக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. 'கொ'வுல இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியா வைக்கலாம். இல்ல, ஒத்தைக் கொம்பு தனியா, கால் தனியா வைக்கலாம். பாக்க ஒண்ணுதான். கன்சோல்ல மூணு சமக்குறி போட்டுக் கேட்டா 'ஃபால்ஸ்'னு சொல்லும். பழைய எழுத்துருவுல இருந்து மாத்தின கோப்பு, பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ண உரை இதுலயெல்லாம் ரெண்டாவது வகை அடிக்கடி வரும்.

கொள்ளிடத்துக்கு மருந்து சுலபம். ஜாவாஸ்கிரிப்ட்ல 'நார்மலைஸ்'னு ஒண்ணு இருக்கு, அது கொம்பையும் காலையும் சேத்து ஒண்ணாக்கிடும். ஸ்ரீமுஷ்ணத்துக்கு அது உதவாது, ஏன்னா யூனிகோடைப் பொறுத்தவரைக்கும் 'ஸ'வும் 'ஶ'வும் உண்மையிலயே வேற வேற எழுத்து. 'கௌரி'ன்னு எழுதுறதுக்குப் பதிலா ஒத்தைக் கொம்பு, 'க', 'ள'ன்னு சேத்து 'கெளரி'ன்னு அடிப்பாங்க பாருங்க, அதுக்கும் உதவாது. அதனால தேடுறதுக்குன்னு தனியா ஒரு மறைவான வடிவம் வச்சுக்கணும். முதல்ல நார்மலைஸ் பண்ணு, அப்புறம் 'ஶ'வை 'ஸ' ஆக்கு, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஏதாவது ஒட்டிட்டு வந்திருந்தா தூக்கிப் போடு. அடிக்கிற பேருக்கும் அதே மாதிரி பண்ணு. ரெண்டையும் ஒப்பிடு. பக்கத்துல காட்டுறது மட்டும் எழுதினவங்க எழுதினபடியே இருக்கட்டும்.

தம்பி பண்ணான். ஸ்ரீமுஷ்ணம் வந்துருச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணிக் கத்தினான். எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

இந்த மாதிரி எழுத்தைத் துண்டு பண்ணிப் பாக்க ஒரு இணையப் பக்கமும் சொல்லணும். டபிள்யூ3சி-யில பல வருஷம் பன்மொழி வேலை பாத்த ரிச்சர்ட் இஷிடா, யூனிகோட் எழுத்துகளைப் பாக்குறதுக்குன்னே நிறைய சின்னச் சின்னக் கருவிகள் செஞ்சு இலவசமா வச்சிருக்கார். தமிழுக்குன்னே தனிப் பக்கம் உண்டு. ஒரு வார்த்தையை ஒட்டினா ஒவ்வொரு குறிக்கும் பேரோட, எண்ணோட காட்டும். தமிழ் தெரிஞ்ச நம்மள்லயே எத்தனை பேர் அந்த அளவுக்குப் பாத்திருப்போம்? அவருக்கு மனசார ஒரு நன்றி.

(ஒரு பழைய கதை. யூனிகோட் வர்றதுக்கு முன்னாடி, வந்தும் பல வருஷம் வரைக்கும், தமிழ்ப் பத்திரிகை சைட்கள் ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்தாங்க. அந்த எழுத்துரு இல்லைன்னா பக்கம் முழுக்க கிறுக்கலாத்தான் தெரியும். அப்ப ஃபயர்ஃபாக்ஸ்ல 'பத்மா'ன்னு ஒரு ஆட்-ஆன் இருந்துச்சு. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே யூனிகோடா மாத்திக் காட்டிடும். தமிழ், தெலுங்கு, மலையாளம்னு பல மொழிக்கும் வேலை செஞ்சுது. கூகுள்ல தேடினாக் கூடக் கிடைக்காத செய்தியை அது படிக்க வச்சுது. ஒரு பிரவுசர் டூல் எனக்குச் செஞ்ச மிகப் பெரிய உதவி எதுன்னு கேட்டா இன்னைக்கும் பத்மாவைத்தான் சொல்லுவேன்.)

எழுத்துருன்னு வந்தாச்சு, அதையும் முடிச்சிடலாம்.

டிசைனர் 'பாப்பின்ஸ்' போட்டிருக்கேன்னு சொல்லுவார். கோடுலயும் பாப்பின்ஸ்தான் இருக்கும். ஆனா பாப்பின்ஸ்ல இங்கிலீஷ் இருக்கு, இந்தி இருக்கு, தமிழ் கிடையாது. அப்ப நம்ம எழுத்து எதுல தெரியுது? குரோம்ல எலமென்ட்டைப் பிடிச்சு 'கம்ப்யூட்டட்' தாவலுக்குப் போய் அடி வரைக்கும் இறங்குங்க. 'ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்'னு உண்மையில வந்திருக்கிற எழுத்துருவோட பேர் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல இன்ஸ்பெக்டருக்குள்ள தனி 'ஃபான்ட்ஸ்' தாவலே இருக்கு, இன்னும் வசதி. விண்டோஸா இருந்தா பெரும்பாலும் நிர்மலா யுஐ-னு வரும். டிசைனர் பாத்தது ஒண்ணு, கடைக்காரர் பாக்கிறது ஒண்ணு.

தமிழுக்குன்னு கூகுள் ஃபான்ட்ஸ்ல நல்ல எழுத்துருக்கள் இருக்கு, தேடி எடுங்க. எக் டைப்போட முக்த மலர். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைச்ச கட்டமரான். இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் செஞ்ச பவனம், கவிவாணர். கவிவாணர் கையெழுத்துச் சாயல்ல சாஞ்சு வரும், கல்யாணப் பத்திரிகை மாதிரி பக்கத்துக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கும். ஆனா ஒரே பக்கத்துல நாலு எழுத்துரு போட்டு மக்களோட டேட்டாவைத் தின்னாதீங்க.

டேட்டா.

இதைப் பத்திக் கொஞ்சம் அழுத்தமாவே சொல்லணும்.

எங்க மாவட்டத்துல புயல் புதுசு இல்ல. 2011 டிசம்பர் 30-ல 'தானே' புயல். 2015 வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையில தண்ணி வந்து கடலூர் பக்கத்துல எத்தனையோ ஊர் மூழ்கிடுச்சு. அந்த நேரத்துல கரன்ட் இருக்காது. டவர் ஒண்ணு வேலை செஞ்சா ஒண்ணு செய்யாது. போன்ல பத்து பர்சன்ட் சார்ஜை வச்சுக்கிட்டு ஒருத்தர் ஒரு ஆஸ்பத்திரி நம்பரைத் தேடுவார். அந்த ஆஸ்பத்திரி சைட் திறந்ததும் முதல்ல ஒரு வீடியோ ஓடும்.

யோசிச்சுப் பாருங்க.

நெட்வொர்க் தாவலைத் திறந்து 'டிஸேபிள் கேஷ்' டிக் பண்ணுங்க. பக்கத்துல 'நோ த்ராட்லிங்'னு இருக்கிற இடத்துல '3ஜி' வைங்க. இப்ப ரீஃப்ரெஷ் பண்ணிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. உங்க சைட் வர்றதுக்குள்ள உங்களுக்கே கோவம் வரும். வரணும்.

கீழ மொத்தம் எவ்வளவு எம்பி இறங்குச்சுன்னு இருக்கும். 'சைஸ்' தலைப்பை ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கிளிக் பண்ணா பெருசுல இருந்து சின்னதுக்கு வரிசையா நிக்கும். எப்பவும் முதல் இடத்துல நிக்கிறது போட்டோதான். மண்டபத்தோட வாசலை போன்ல எடுத்து அப்படியே ஏத்தியிருப்பாங்க. அதை ஸ்கூஷ்னு கூகுள் குரோம் ஆளுங்க 2018-ல விட்ட இணையப் பக்கத்துல போடுங்க. நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் சின்னதாக்கின படம். கோட்டை இழுத்து இழுத்து வித்தியாசம் தெரியுதான்னு பாத்துக்கலாம். எல்லாம் உங்க பிரவுசருக்குள்ளயே நடக்குது, படம் வெளிய எங்கயும் போறதில்ல. அதனால வாடிக்கையாளரோட படத்தைத் தைரியமாப் போடலாம்.

போன் வேகமும் முக்கியம். பெர்ஃபார்மன்ஸ் தாவல்ல சிபியு-வை நாலு மடங்கு, ஆறு மடங்கு மெதுவாக்கிப் பாக்கலாம். அதைவிட நல்லது உண்மையான போன். எங்க அம்மாவோட பழைய ஆண்ட்ராய்டை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணிட்டு, குரோம்ல 'இன்ஸ்பெக்ட்' பக்கத்தைத் திறந்தா, போன்ல தெரியிற பக்கத்தோட டெவ்டூல்ஸ் என் கம்ப்யூட்டர்ல வந்துடும். அம்மா விரலால தள்ளுறது இங்க தெரியும். எந்தப் பட்டனைத் தேடுறாங்க, எங்க தடுமாறுறாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்துடலாம்.

லைட்ஹவுஸ் பத்திக் கேப்பீங்க. ஓட்டுங்க, நல்லது. ஆனா 100 மார்க் வாங்குறதையே லட்சியமா வச்சுக்காதீங்க. 100 வாங்கின பக்கத்துலயும் திருப்பாதிரிப்புலியூர் உடையும், லைட்ஹவுஸுக்கு அது தெரியாது. அது சொல்றதுல ஒண்ணை மட்டும் நான் உயிரா பிடிச்சுப்பேன்: பக்கத்தோட மொழி எதுன்னு குறிக்கிறது. டெம்ப்ளேட்ல எச்டிஎம்எல் முதல் வரியில மொழி இங்கிலீஷ்னு இருக்கும், தமிழ்ப் பக்கத்துலயும் அதை மாத்தாமலே விட்டிருப்பாங்க. கண் தெரியாதவங்க என்விடிஏ மாதிரி திரைவாசிப்பான் வச்சுத்தான் படிக்கிறாங்க. (2006-ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்ச இலவச மென்பொருள் அது. அதோட வர்ற ஈஸ்பீக்ல தமிழ்க் குரலும் உண்டு.) பக்கம் இங்கிலீஷ்னு சொன்னா அது தமிழ்க் குரலுக்கு எப்படி மாறும்? ரெண்டே எழுத்து மாத்துற வேலை. இதைச் செய்யாம விட்ட சைட்டை நான் ஒப்படைக்கவே மாட்டேன்.

எக்ஸ்டென்ஷனே வேண்டாமான்னா, எனக்கு ஒண்ணே ஒண்ணு: வெப்எய்ம் குடுக்கிற 'வேவ்'. பக்கத்து மேலயே ஐகான் போட்டு, எந்தப் படத்துக்கு விளக்கம் இல்ல, எந்த எழுத்தோட நிறம் மங்கல்னு காட்டும். மத்தபடி நிறைய எக்ஸ்டென்ஷன் 'நீங்க போற எல்லா சைட்லயும் எல்லாத்தையும் படிக்கவும் மாத்தவும் அனுமதி குடு'ன்னுதான் கேக்கும். அதே பிரவுசர்லதான் நாம பேங்க் அக்கவுன்ட்டையும் திறக்கிறோம். அதே மாதிரி, யாராவது "இதைக் கன்சோல்ல ஒட்டு, ஃபாலோயர்ஸ் கூடும்"னு கோடு அனுப்பினா ஒட்டவே ஒட்டாதீங்க. குரோமே தடுத்து எச்சரிக்கும். அது சொல்றதைக் கேளுங்க.

தெரியாததைத் தேட எம்டிஎன். 2005-ல இருந்து இருக்கு, இன்னைக்கும் அதுதான் முதல் இடம். ஒரு வசதி எந்தெந்த பிரவுசர்ல வேலை செய்யும்னு பாக்க கேன்-ஐ-யூஸ். தமிழ்ல படிக்கணும்னா 2012-ல இருந்து வர்ற கணியம். 'எளிய தமிழில்'னு வரிசையா இலவச மின்னூல் போட்டிருக்காங்க. நேர்ல உக்காந்து கத்துக்கணும்னா நம்ம பக்கத்து விழுப்புரத்துல குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கிராமத்துப் பசங்களுக்குக் காசு வாங்காம சொல்லிக் குடுக்கிறாங்க. தம்பிகிட்ட முதல்ல அங்க போய்ப் பாருன்னுதான் சொன்னேன். ஜோஹோவோட 'உலா' பிரவுசர்லயும் டெவலப்பர்களுக்குன்னு தனி மோட் இருக்கு, பிடிச்சா அதையும் வச்சுப் பாருங்க. குரோமியம்ல செஞ்சது, அதனால எஃப்12 அதே எஃப்12-தான்.

கடைசியா, ஃபார்ம் செய்யுற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கூல் அட்மிஷனோ, ஆஸ்பத்திரி டோக்கனோ, கூரியரோ, எதுவா இருந்தாலும் சரி. பேரும் ஊரும் எழுதுற பொட்டியில மேக்ஸ்லெங்த் எவ்வளவுன்னு இன்னைக்கே எஃப்12 அமுக்கிப் பாருங்க. 20, 30-னு இருந்தா 100 ஆக்குங்க. டேட்டாபேஸ்லயும் அதே அளவு இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க. உங்க ஊர் பேர் எங்கயாவது வெட்டுப்பட்டு நின்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க, எந்த இடத்துல, எத்தனையாவது குறியில வெட்டுதுன்னு உக்காந்து பாத்துடலாம்.